நடு இருக்கைப் பயணியின் கனிவான கவனத்திற்கு

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது அல்ல. அண்ணி போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது சுட்டது. சுட்டதை அவரிடமே ஒப்புக்கொண்டேன். "எழுதிக்கோ. ஆனா என்னைப் பாவமா மட்டும் எழுதினே, பல்லை உடைப்பேன்" என்றார்.

முதல் தொடக்கம்: 'அவர் பருமனானவர். அதனால் விமானப் பயணம் என்றாலே அவருக்கு—'

(அண்ணி: "ஏன்டா, ஒல்லியா இருக்கறவங்க கதையெல்லாம் 'அவர் ஒல்லியானவர்'னா ஆரம்பிக்குது?")

இரண்டாவது தொடக்கம்: 'மேகங்களுக்கு மேலே அன்று சூரியன்—'

அண்ணிக்குக் கிடைத்தது நடு இருக்கை. சூரியனைப் பார்த்தது சன்னலோரப் பயணி. அதையும் அடித்தாயிற்று.

சரி, தொழிலிலிருந்து தொடங்குகிறேன்.

2.

அண்ணியை உங்களுக்குத் தெரிந்திருக்கும், குரலாக. லிஃப்டில் 'கதவு மூடப்படுகிறது' என்பவர் அவர்தான். வங்கிக்குப் போன் போட்டால் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று அலுக்காமல் சொல்பவரும் அவரே.* இந்தக் குரலைக் கேட்டவர்கள் மனத்தில் கொடி போல ஒரு பெண்ணை வரைந்துகொள்வார்கள். நேரில் பார்த்ததும் அவர்கள் முகம் போகும் போக்கு இருக்கிறதே, அதை ரசிப்பதாக அண்ணி சொல்வார். ரசிக்கிறாரா என்பதில் எனக்குச் சந்தேகம்.

* அண்ணனுக்கு இதில் ஒரு தொல்லை. அண்ணி சண்டை போடும்போதும் அதே குரல்தான். பாதிச் சண்டையில் இவர் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்.

பல வருடங்களாக அண்ணி விமானம் ஏறவில்லை. கடைசியாக ஏறியபோது இடுப்புப் பட்டை எட்டாமல் போய், பணிப்பெண் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, "இங்க ஒருத்தங்களுக்கு பெல்ட் பத்தலை, எக்ஸ்ட்ரா ஒண்ணு எடுத்துட்டு வா!" என்று கத்தியிருக்கிறார். அதன்பிறகு யார் எங்கே கூப்பிட்டாலும், "ரயில்ல போனா வேடிக்கை பாத்துட்டே போலாமே" என்பதே அண்ணியின் பதில்.

இந்த முறை அந்தப் பதில் செல்லுபடியாகவில்லை. வேற்றூரில் வேலை பார்க்கும் மகளுக்குக் குடல்வால் வீங்கி, மறுநாள் காலையில் ஆபரேஷன். விமானம் என்றாலே நடுங்கும் அண்ணன் ரயிலைப் பிடித்தார். அவர் போய்ச் சேருவதற்குள் மகள் எழுந்து நடமாட ஆரம்பித்துவிடுவாள் போலிருந்தது. "அம்மா, நீயாவது வாம்மா" என்று அவள் அழுதாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு நடு இருக்கை.

3.

அண்ணி உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நடைபாதையில் போனார். ஒவ்வொரு வரிசையைத் தாண்டும்போதும் அங்கே இருந்தவர்களின் தோள்கள் நிம்மதியாக இறங்கின. கடைசியில் ஒரு கோட்டுக்காரரின் தோள் மட்டும் இறங்கவில்லை.

அவர் எழுந்து வழிவிட்டார். அண்ணி உட்கார்ந்தார். இரண்டு கைப்பிடிகளும் இரண்டு விலாவிலும் அழுந்தின. கோட்டுக்காரர் உட்காராமல் பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.

"எனக்கு வேற சீட் வேணும்மா."

"எல்லாம் ஃபுல்லா இருக்கு சார்."

"அப்ப இவங்களை மாத்துங்க. என் சீட்ல பாதி இவங்ககிட்ட இருக்கு. நான் எங்க உக்கார்றது, றெக்கை மேலயா?"

'இவங்க' என்றபோது அவர் அண்ணியின் பக்கம் திரும்பவே இல்லை. மேலே வைக்க இடமில்லாத பெட்டியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்.

(முதல் வரைவில் இங்கே அண்ணியின் கண்களில் நீர் துளிர்த்தது. "துளிர்க்கலை" என்றார் அண்ணி. "பின்னே?" "பாத்ரூம் அவசரம்டா. அவன் வழியை அடைச்சுக்கிட்டு நிக்கறான்." ஆகவே துளிர்க்கவில்லை.)

அப்போது கூரையிலிருந்து ஒலித்தது:

'பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இருக்கைப் பட்டையை அணிந்து இறுக்கிக்கொள்ளுங்கள்.'

அண்ணியின் குரல். என்றோ ஒரு நாள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த விமானத்துக்கு என்றுகூடக் கேட்காமல் பதிவு செய்துகொடுத்தது. இப்போது பட்டையின் இரண்டு முனைகளும் அவருடைய இரண்டு கைகளில் இருந்தன. நடுவே ஒரு சாண் இடைவெளி. இதை நான் கற்பனை செய்திருந்தால், இத்தனை கச்சிதமாக வைக்கக் கூச்சப்பட்டிருப்பேன்.

அண்ணி தன் குரல் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு வாயைத் திறந்தார். அதே குரல், அதே நிதானம், அதே தேன்.

"விமானப் பணியாளர்களின் கனிவான கவனத்திற்கு. நடு இருக்கைப் பயணிக்குப் பட்டை எட்டவில்லை. கூடுதல் பட்டை ஒன்றை, கத்தாமல், கொண்டுவரவும். கோட்டு அணிந்த பயணி உடனே அமரவும். விமானம் அவர் ஒருவருக்காகக் காத்திருக்கிறது."

எல்லோரும் முதலில் கூரையைப் பார்த்தார்கள். பிறகு அண்ணியைப் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ 'களுக்' என்று சிரித்தார்கள். அது முன்வரிசைவரை பரவியது. கோட்டுக்காரர் கூரையையும் அண்ணியின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். உட்கார்ந்தார். பட்டை வந்தது, பூனை நடையில்.

4.

முடிவு ஒன்று: கோட்டுக்காரர் மனம் திருந்தி, "மன்னிச்சுக்கோங்க மேடம்" என்று—

"கேக்கலை" என்றார் அண்ணி.

முடிவு இரண்டு: இறங்கும்வரை இருவரும் ஒரு வார்த்தைகூடப்—

"தூங்கிட்டான்டா. என் தோள்மேலயே சாஞ்சு, வாயைத் திறந்துட்டு."

"நீங்க எழுப்பலையா?"

"எழுப்பினா மறுபடி பேசுவானே."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது மகள் பிடித்திருந்தது அம்மாவின் கையை. முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன். கதையை அண்ணிக்குப் படித்தும் காட்டிவிட்டேன்.

5.

ஆனால் அண்ணி திரும்பி வரவேண்டுமே.

இன்று விமான நிலையத்திலிருந்து போன் செய்தார். மகள் டிக்கெட் போட்டிருக்கிறாள். அம்மாவுக்கு மட்டும் இரண்டு இருக்கை. 'நீ இடிபடாம வரணும்மா' என்று கட்டிப்பிடித்து முத்தம் வேறு கொடுத்தாளாம்.

"கோட்டுக்காரன் சொன்னதைத் தட்டிவிட்டுட்டேன்டா. இவ பாசமா செஞ்சதுதான் எங்கேயோ போய்க் குத்துது. கோவப்படவும் முடியலை."

"வசதியா உக்காந்து வாங்க அண்ணி."

"அதுலயும் வந்துச்சு பாரு ஒரு வில்லங்கம். ஃபிளைட் ஃபுல். ஒரு பொண்ணு நிக்குது, அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம், இதுலயே போகணுமாம். என் ரெண்டாவது சீட்டைக் குடுக்க முடியுமான்னு கவுண்டர்ல கேக்கறாங்க."

"குடுத்துடுங்க அண்ணி" என்றேன் சட்டென்று. "கதைக்கு அருமையான முடிவு."

"கதைக்குச் சரிடா. இடுப்பு யாருது?"

கொடுத்தால் அவர் தங்கமான மனுஷி. வழியெல்லாம் விலாவில் கைப்பிடி. கொடுக்காவிட்டால், 'பாத்தியா, ரெண்டு சீட்டையும் அடைச்சுக்கிட்டு' என்று ஊர் பேசும். ஒல்லியான ஒருவரிடம் போய், அவர் நல்லவர் என்பதற்குச் சாட்சியாக யாராவது அரை இருக்கை கேட்பார்களா? ஆனாலும் அந்தப் பெண்ணின் அப்பா—

(வாசகரே, நீங்களும் மனத்துக்குள் 'குடுத்துடுங்க' என்றுதானே சொன்னீர்கள்? உட்கார்ந்தபடியே சொல்லியிருப்பீர்கள்.)

போனில் கவுண்டர் பெண் மறுபடி கேட்பது எனக்குக் கேட்கிறது. "மேடம், என்ன சொல்றீங்க?" அண்ணி தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

நான் இத்தோடு விலகிக்கொள்கிறேன். கீழே காலி இடம் விட்டிருக்கிறேன். ஒருவருக்குத் தாராளம், இரண்டு பேருக்கு நெருக்கம். எழுத வேண்டியது நீங்கள்.