தேறிவிடாதே, ரஹ்வா

மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரேயில், புதிதாகக் குடியேறியவர்களுக்கான மதிய ஆங்கில வகுப்பில் அன்று கிளெனிஸ் டீச்சர் கரும்பலகையை நடுவில் கோடு கிழித்துப் பிரித்தார். ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் பல்கலைக்கழகம். உங்கள் நாட்டில் எந்த வயதில் சேர்ப்பார்கள், என்ன பரீட்சை, தேறினால் என்ன, தேறாவிட்டால் என்ன என்று ஆளாளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எல்லோரும் வாய் திறந்து பேசுவதற்கு இதைவிடச் சுலபமான தலைப்பு கிடையாது என்பது டீச்சரின் நினைப்பு. பாவம், நல்ல மனுஷிதான்.

ஈராக்காரி நஹ்ரின் முந்திக்கொண்டாள். "எங்க ஊர்ல மார்க்குதான் எல்லாம் டீச்சர். என் பையன் அங்கேயே இருந்திருந்தா இந்நேரம் டாக்டர். இங்க வந்து போனைத் தடவிக்கிட்டுக் கிடக்கான்."

சிரிப்பு அடங்கியதும் லெத்தெப்ரஹானின் முறை வந்தது. எரித்திரியாக்காரி, யாரோடும் அதிகம் ஒட்டாதவள்.

"பதினொண்ணு வரைக்கும் எங்க ஊர்லயே. பன்னிரண்டு வேற இடத்துல. எல்லாரும் அங்க போகணும்."

"உங்க பொண்ணு அங்கதானே படிக்கிறா?"

"இல்ல டீச்சர். பதினொண்ணுலயே ரெண்டு தடவை ஃபெயில்."

"ரெண்டு தடவையா!" என்று நஹ்ரின் கன்னத்தில் கை வைத்தாள். "என்னடி லெத்தே, அவ மண்டைக்குள்ள களிமண்ணா?"

லெத்தெப்ரஹான் சிரித்து வைத்தாள். களிமண்ணாம்! சொந்த ஊர் கெரனில் அக்கா வீட்டில் விட்டுவந்த மகள் ரஹ்வா, ஒரு தடவை படித்தால் மறக்காத பிள்ளை. ஆனால் அந்தப் பன்னிரண்டாம் வகுப்பு நடப்பது பாலைவனத்து ராணுவ முகாமில். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், உடுப்பு மாட்டி, அணிவகுப்புப் பழக்கி, அதற்கு நடுவில்தான் பாடம். பரீட்சையில் பின்தங்கினால் அப்படியே சிப்பாய். எப்போது விடுவார்கள் என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. அதனால்தான் அந்த ஊரில், பதினொன்றாம் வகுப்புப் பரீட்சையிலேயே விடை தெரிந்த பிள்ளைகளே அதை எழுதாமல் விட்டுவிட்டு வருகிறார்கள். பதினொன்றாம் வகுப்புப் பெஞ்சில் மீசை முளைத்த பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கே என்னிடம் வர விசா கிடைக்கிறவரைக்கும் தேறிவிடாதே கண்ணே என்று சொன்னதும் இவள்தான். அதை இங்கே சொல்ல முடியுமா? மெல்போர்னில் விட்ட பேச்சு கெரனுக்குப் போய்ச் சேர எத்தனை நாழியாகும்! அக்கா அல்லவா மாட்டிக்கொள்வாள்.

தேநீர் இடைவேளையில் போன் அடித்தது. ரஹ்வா, கெரனில் ஒரு போன் கடையிலிருந்து பேசினாள்.

"அம்மா, ரிசல்ட் வந்துருச்சு. பாஸ். வகுப்புலயே முதல்."

"விளையாடாதடி."

"நிஜமாம்மா. தெரிஞ்சதையெல்லாம் தப்புத் தப்பா எழுதி, நான் உண்மையிலேயே மக்காயிட்டேனோன்னு பயமா இருந்துச்சு. ஒரே ஒரு தடவை ஒழுங்கா எழுதிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். அப்புறம் நிறுத்த முடியல."

"அடிப்பாவி, என்னைக் கொன்னுட்டியேடி! உனக்கு அறிவிருக்கா?"

ரஹ்வா சின்னக் குரலில், "வாழ்த்துகூடச் சொல்லமாட்டியாம்மா?" என்றாள். லெத்தெப்ரஹான் வாய் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். கிடைக்கவே இல்லை.

வகுப்புக்குத் திரும்பியவளின் முகத்தைப் பார்த்து டீச்சர் பதறிப்போனார். "என்னாச்சு?"

"பொண்ணு பாஸ் டீச்சர். முதல் மார்க்."

வகுப்பே கை தட்டியது. நஹ்ரின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "வாழ்த்துக்கள்டி! களிமண்ணுன்னு சொன்ன என் வாயில போடணும். அதுக்கு ஏன் இப்படி நடுங்குற?"

"அப்போ அடுத்தது பன்னிரண்டு!" என்றார் டீச்சர். "வேற இடம்னு சொன்னீங்களே, நல்ல விடுதியா?"

இத்தனை நாள் கட்டிக் காத்த பயம் அந்த நேரத்தில் அவளைவிட்டுப் போய்விட்டது. ரஹ்வாதான் முகாமுக்குப் போகப்போகிறாளே, இனி அக்காவை யார் வந்து கேட்கப்போகிறார்கள்? இனி எதைக் காப்பாற்ற?

"துப்பாக்கி குடுப்பாங்க டீச்சர்."

தட்டிய கைகள் நின்றன. தெரிந்த ஆங்கிலத்தில், விட்டு விட்டு, முழுவதையும் சொன்னாள். பஸ், முகாம், உடுப்பு. வேண்டுமென்றே தோற்ற இரண்டு வருஷம். கிளெனிஸ் டீச்சர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"விசா வந்துரும்டி, அழாத," என்றாள் நஹ்ரின். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"வந்து என்ன? உடுப்பு போட்டவளை நாட்டைவிட்டு விடமாட்டாங்க." லெத்தெப்ரஹான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீங்க எல்லாரும் வாழ்த்து சொன்னீங்க நஹ்ரின். அவ என்கிட்டதான் கேட்டா. நான் சொல்லல. பெத்தவ நான் சொல்லல."