அழைக்காமல் வந்த மாப்பிள்ளை

கோத்தோ மலிந்தாங்கில் குலத்தலைவர் தாதுக் ராஜோ மலானோவின் குலவீடு 1958ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு படி உயர்ந்தது. மொத்தம் இருபத்தேழு படிகள் கூடின. அக்கரைக் குலத்தார் நாற்பது என்று சொல்லித் திரிவது தவறு. ஒவ்வோர் ஆண்டும் அடியில் புதுப் படி அடித்துச் சேர்த்த தச்சன் புயுங் சொன்னதே சரி. ஆரம்பத்தில் ஏழு படிகள்தான் இருந்தன. தூண்கள் வளர்ந்தன, சுவரில் ஒரு பலகைகூடப் பிளக்கவில்லை. நல்ல மரத்தால் கட்டிய வீடு.

எங்கள் ஊரில் வீடு பெண்களுடையது, அதன் மானம் தாய்மாமனுடையது. அந்த வீட்டின் இளைய பெண் ஷம்சினாருக்குத் தாய்மாமன் தாதுக். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. மாப்பிள்ளை ஜமாரிஸ், அக்கரை ரஃபியாவின் மகன், பள்ளிக்கூட ஆசிரியன். இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. சிறு வயதில் ஏர்க்கொழு கொண்டுபோய்விட்டது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் முடிந்தது. முடிந்ததும் மாப்பிள்ளை தன் தாய்வீட்டுக்குப் போய்க் காத்திருப்பது முறை. பெண்வீட்டார் வெற்றிலைத் தட்டும் மஞ்சள் குடையுமாகப் போய் அழைத்து வந்து, படியடியில் இருக்கும் கல்தொட்டி நீரில் அவன் காலைக் கழுவித்தான் மேலே ஏற்றுவார்கள். அழைப்புக்கு நாள் குறித்திருந்தபோது அரசுக்கு எதிரான கலகம் வந்தது. பையன்கள் சண்டை போடச் சிங்காலாங் மலைக்காட்டுக்குப் போனார்கள். ஜமாரிஸும் போனான்.

மூன்று மாதம் கழித்து, மழை பெய்த ஒரு பிற்பகலில், அவன் தனியாக வந்து கல்தொட்டியருகே நின்றான். தாதுக் ஏழாவது படியில் நின்றார்.

"ரோட்டுல ஆள் பிடிக்கிறாங்க, தாதுக். ஒரு நாள் இருந்துட்டுப் போயிடறேன்."

"உனக்கு உரிமை இல்லன்னு சொல்லலப்பா. ஆனா அழைக்காம வந்த மாப்பிள்ளை எவனும் இந்தப் படி ஏறினதில்ல. உங்க அம்மா வீட்டுக்குப் போ. நாளைக்குக் காலையில குடையோட நானே வர்றேன்."

ஜமாரிஸ் ஜன்னலை ஒரு முறை பார்த்தான். "சரி தாதுக்" என்றான். அவன் தாய்வீடு பாலத்தைத் தாண்டி அரைமணி நடை. அவன் போய்ச் சேரவில்லை. ஆறு கொண்டுபோனதா, காடா, துப்பாக்கி பிடித்தவர்களா என்று பார்த்தவர் யாரும் இல்லை.

தாதுக் சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் காலையில் தட்டும் குடையுமாகப் போனார். "நேத்து இங்க எட்டிப் பார்த்துட்டு உங்க வீட்டுக்குன்னுதானே சொல்லிட்டுப் போனான்?" என்றாள் ரஃபியா. தட்டிலிருந்து ஒரு வெற்றிலைகூட எடுக்கவில்லை. எடுத்து மென்றால்தான் சம்மதம் என்று பொருள். அவர்கள் திரும்பி வந்தபோது படிக்கட்டின் அடி தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலே தொங்கியது.

அதன் பிறகு ஆண்டுதோறும் அதே நாளில் தாதுக் போனார். அதே சொற்களைச் சொன்னார்: "மாப்பிள்ளையை அழைக்க வந்திருக்கோம்." முதலில் முப்பது பேர் கூடப் போனார்கள், பிறகு பத்துப் பேர், பிறகு குடை பிடிப்பவன் மட்டும். "குடை புதுசா இருக்கே தாதுக். மாப்பிள்ளைதான் பழசாயிட்டான்" என்பாள் ரஃபியா. வெற்றிலையைத் தொடமாட்டாள். தாதுக் எழுந்து வந்துவிடுவார். புயுங் சுத்தியலோடு காத்திருப்பான்.

பதினைந்தாம் படியில் கோழிகள் ஏறுவதை நிறுத்தின. இருபதாம் படியில் ஷம்சினாரின் அம்மா முழங்கால் வலியோடு இறங்கித் தங்கை வீட்டுக்குப் போனவள், அங்கேயே இறந்தாள். அக்காமார் கிணற்றடியில் வேறு வீடு கட்டிக்கொண்டார்கள். ஷம்சினார் இறங்கவில்லை. அவள் மனைவி, ஆனால் கணவன் படியேறாத மனைவி. விதவை என்று சொல்லவும் சாட்சி இல்லை, வேறு நிக்காஹுக்கும் வழியில்லை. அரிசியைக் கூடையில் கயிறு கட்டி மேலே இழுத்தாள். தினமும் அந்தி நேரத்தில் இரண்டு கோப்பை காப்பி ஊற்றினாள். ஒன்றைக் குடித்தாள், மற்றது ஆறியதும் ஜன்னல் வழியாகக் கொட்டினாள். அது தரையைச் சேர்வதற்குள் தூறலாகிவிடும். கீழே நடப்பவர்கள் காப்பி வாசனையைக் கொண்டு மக்ரிப் தொழுகை நெருங்கிவிட்டதென்று தெரிந்துகொண்டார்கள்.

1985இல், அழைப்பு நாளுக்கு முந்தைய மாலை, அவள் கூடையை இறக்கும்போது கீழே நின்ற தாதுக்கைப் பார்த்துக் கேட்டாள்: "மாமா, நாளைக்கும் அதே வார்த்தையைத்தான் சொல்லப் போறீங்களா?"

"முறை அதுதானேம்மா."

"முறையெல்லாம் கீழ உங்ககூட நல்லாத்தான் இருக்கு. இங்க நான் ஒருத்திதான் இருக்கேன்."

தாதுக்குக்கு எழுபத்தொரு வயது. மறுநாள் குடை பிடிக்கவும் ஆளில்லை. தட்டு ஒரு கையில், குடை ஒரு கையில், மழையில் பாலம் கடந்தார். ரஃபியா பாயில் படுத்திருந்தாள். தாதுக் உட்கார்ந்து தலைக்கட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். எங்கள் குலத்தில் எந்தத் தாதுக்கும் பிறத்தியார் வீட்டில் அதைக் கழற்றியதில்லை. இதை மறைப்பதில் பயனில்லை. அக்கரையில் எல்லோரும் பார்த்தார்கள்.

"உன் மகன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். நான்தான் திருப்பி அனுப்பினேன். தப்பு என்னோடது."

ரஃபியா கையை நீட்டி ஒரு வெற்றிலையை எடுத்து, பல்லில்லாத வாயில் போட்டு மென்றாள். "இதைச் சொல்ல இருபத்தேழு வருஷமா, தாதுக்? சரி, கூட்டிட்டுப் போங்க. ஆறின காப்பி குடிக்கமாட்டான். அதை மட்டும் சொல்லிடுங்க அந்தப் பொண்ணுகிட்ட."

தாதுக் தலைக்கட்டை அங்கேயே விட்டுவிட்டுக் குடையை விரித்தார். தான் நனைந்தபடி, பக்கத்தில் ஆள் உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு நடந்தார். குடைக்கடியில் சேற்றில் வெறுங்கால் தடங்கள் விழுந்தன. இடது தடத்தில் நான்கு விரல். கல்தொட்டியடியில் அவர் குனிந்து நீர் ஊற்றினார். நீர் கணுக்கால் அளவில் நின்று வழிந்தது. ஈரத்தடம் முதல் படியில் விழுந்தது, பிறகு அடுத்ததில். முப்பத்துநான்கு படிகளையும் தாதுக் நின்று பார்த்தார். மேலே கதவு திறந்து மூடியது. அன்று ஜன்னலிலிருந்து காப்பி தூறவில்லை. அந்தித் தொழுகைக்குப் பலரும் பிந்திப் போனார்கள்.

மறுநாளிலிருந்து வீடு தினம் ஒரு படி இறங்கியது. மிஞ்சிய பலகைகளில் புயுங் கோழிக்கூடு செய்தான். அக்காமார் திரும்பி வந்தார்கள். அவர்களில் மூத்தவள் ஒரு நாள் ஷம்சினாரை ஒதுக்கமாகக் கேட்டாள்: "ஏன்டி, கண்ணுல படாத ஆம்பளையோட எப்படிடி குடும்பம் நடத்துற?"

"அந்தியில வர்றாரு, காப்பி குடிக்கிறாரு, விடிஞ்சதும் அவங்க அம்மா வீட்டுக்குப் போயிடறாரு. உன் வீட்டுக்காரரு மட்டும் என்ன, பகல்ல உட்கார்ந்து உன் முகத்தையா பார்க்கறாரு?"

எங்கள் ஊரில் கணவர்கள் அப்படித்தான் வந்து போகிறார்கள். தாதுக் அந்த மாப்பிள்ளைக்குச் சுத்தான் மராஜோ என்ற பட்டத்தை முறைப்படி அளித்தார். கூட்டங்களில் அவனுக்கு ஓர் இடம் விட்டே மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். காலையில் படி கூட்டும் பெண்கள் நான்கு விரல் தடம் காயும்வரை பொறுத்திருந்து கூட்டுகிறார்கள். தாதுக் இருந்தவரை, அந்திக்கு முன் கல்தொட்டியை அவர் கையாலேயே நிரப்பி வைத்தார்.