இளஞ்சிவப்பில் இரண்டு குவளை

அன்று காலை தசோலுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வருஷமாக நச்சரித்து நச்சரித்து, கடைசியில் கிம்ச்சி ஆலையில் அவளுடைய பக்குவத்துக்கு ஒரு பீப்பாய் நபாக் கிம்ச்சி போட்டுப் பார்த்திருந்தார்கள். முள்ளங்கியும் பேரிக்காயும் மிதக்கும் இளஞ்சிவப்புத் தண்ணீர் ஊறுகாய். அதன் புளிப்பைச் சொல்லும் பிஎச் அளவு நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் நின்று, மேலாளர் பாங்கின் நாக்கும் சம்மதித்துவிட்டால் கடைக்குப் போகும். நாலுக்குக் கீழே இறங்கினால் புளித்துப்போனது என்று சாக்கடைக்குப் போகும். அப்புறம் பேச்சே கிடையாது.

ஆய்வுக்கூடத்துச் சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவள் பிஎச் மீட்டரைத் தட்டினாள். தினமும் காலையில், பிஎச் இவ்வளவென்று முன்பே தெரிந்த பஃபர் கரைசல்களை வைத்து அதற்குப் பாடம் சொல்லித் தரவேண்டும். மஞ்சள் பஃபரில் முக்கி இதுதான் ஏழு, இளஞ்சிவப்பு பஃபரில் முக்கி இதுதான் நாலு என்று. சொல்லித் தந்தாள். மீட்டரும் சமர்த்தாக 'சரி' காட்டியது. முனையைக் கழுவி, பக்கத்தில் இருந்த கிம்ச்சித் தண்ணீர்க் குவளையில் விட்டாள்.

3.79.

"கும்ஹி அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன்."

பக்கத்து மேசைக் கும்ஹி எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "புளிச்சுப் போச்சுடி. பேரிக்காய அள்ளிப் போடாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?"

மறுபடி முக்கினாள். அதே 3.79. தசோலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா பாங் வரவேண்டும். மீட்டரை நம்பாத மனுஷர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஸ்பூன் இருக்கும். அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தக் குவளையில் ஸ்பூனை விட்டு உறிஞ்சிவிட்டார். முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

"என்னம்மா கருமம் இது? பூண்டு போட்டியா இல்லியா?"

"ஒரு கூடை போட்டேன் சார்."

"கூடைய அலம்பின தண்ணிகூட இப்படி இருக்காதும்மா." துப்புவதற்குத் தொட்டியைத் தேடி ஓடினார்.

தசோலுக்குச் சுருக்கென்றது. உரித்த விரலில் இன்னும் வாசனை போகவில்லை, கிம்ச்சியில் மட்டும் பூண்டு எங்கே போகும்? 'நாலு' என்று மீட்டருக்குச் சொல்லித் தந்தாளே, அந்தக் குவளையை எடுத்து மோந்து பார்த்தாள். கமகமவென்று பூண்டு.

சிரிப்பு பீறிட்டுவிட்டது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் குவளையை மாற்றி, மீட்டருக்குக் கிம்ச்சியையும் மேலாளருக்கு பஃபரையும் கொடுத்திருக்கிறாள்.

"அக்கா, அவர் குடிச்சது பஃபரு."

"அடிப்பாவி." கும்ஹி மேசையில் கவிழ்ந்து குலுங்கினாள். "சார், துப்பினா மட்டும் போதாது, நல்லா கொப்புளிங்க."

அவர் கொப்புளித்து முடிப்பதற்குள் தசோல் புது பஃபர் திறந்து, முகர்ந்து பார்த்து, மீட்டருக்கு முதலிலிருந்து பாடம் எடுத்தாள். பிறகு கிம்ச்சித் தண்ணீரில் முக்கினாள். 4.20.

பீப்பாயிலிருந்து புதிதாக ஒரு குவளை மொண்டு வந்து நீட்டினாள்.

பாங் அவளை ஒரு முறை முறைத்தார். முதலில் முகர்ந்தார். ஒரு ஸ்பூன் குடித்தார். இன்னொரு ஸ்பூன் குடித்தார். அப்புறம் ஸ்பூனைப் பையில் போட்டுக்கொண்டு, குவளையை அப்படியே தூக்கி அடிவரை குடித்தார்.

"லாரில ஏத்தச் சொல்லு."

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"பூண்டு கொஞ்சம் ஜாஸ்தி."