மூன்றாம் பாதைச் சுவர்

சுரங்கத்துக்குள் சுவர் எழுப்ப வேண்டுமென்றால் கொத்தனாரைத்தான் கூப்பிடுவார்கள். அன்று கூப்பிட்டபோது மூன்றாம் பாதையில் நிலக்கரி பற்றி எரிந்துகொண்டிருந்தது. காற்றை அடைத்தால்தான் தீ சாகும். பாதையின் வாயை மறித்து இரட்டைச் சுவர், நடுவில் மணல்.

“உள்ள ஆளுங்க?” என்று கேட்டார் கொத்தனார்.

“எல்லாரும் வந்தாச்சு. சீக்கிரம் ஆகட்டும்,” என்றார் மேலாளர், ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டே.

கொத்தனாரின் தங்கை புருஷனுக்கு அந்தப் பாதையில்தான் வேலை. ஆள் நெட்டை, சுரங்கக் கூரையில் தலை இடிக்காத நாளில்லை. ‘ஒட்டகம்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். “உங்க வீட்லயாவது நிமிர்ந்து நிக்கறேன் மச்சான்” என்று சொல்லிக்கொண்டே வந்து நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்வான். அவனும் மேலே போயிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கொத்தனார் கரண்டியை எடுத்தார்.

முதல் சுவர் எழுந்தது. இரண்டாவது ஏற ஏற, நடுவில் மணலைக் கொட்டினார்கள். இரண்டாம் சுவர் மார்பளவு வந்தபோது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். சற்று ஓய்ந்து, மறுபடியும் மூன்று.

மணல் சுமந்தவர்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள்.

“ஐயா, ஆள் இருக்கு,” என்றார் கொத்தனார்.

“சூட்டுல பாறை வெடிக்குதுப்பா.”

“பாறை எண்ணி எண்ணியா வெடிக்கும்?”

மேலாளர் அவர் தோளில் கை வைத்தார். குரல் தணிந்தது. “சரி, ஆள்தான்னே வெச்சுக்க. கீழ்த்தளத்துல நூறு பேர் இன்னும் ஏறிட்டிருக்காங்க. இதை உடைச்சா காத்து உள்ள போகும், வாயு வெடிக்கும். அந்த நூறு பேரையும் கொல்லச் சொல்றியா? நீயே சொல்லு, உடைச்சிடறேன்.”

கொத்தனார் குனிந்து அடுத்த செங்கல்லை எடுத்தார். சத்தம் காதில் விழாமலிருக்க, ஒவ்வொரு கல்லையும் கரண்டிக் காம்பால் ஓங்கி ஓங்கித் தட்டினார். கடைசிக் கல்லை வைத்துப் பூசி முடித்தபோது சுவர் நூல் பிடித்தாற்போல் நின்றது. கைப்பழக்கம் அப்படி.

தூக்குக் கூண்டில் மேலே வந்தால், கீழ்த்தளத்து ஆட்கள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். சிலர் கையில் டீ.

“நீங்கல்லாம் எப்ப வந்தீங்க?”

“நீங்க கீழ இறங்கறதுக்கு முன்னாடியே வந்துட்டோமே. மேலாளர்தானே தலையை எண்ணி ஏத்திவிட்டாரு.”

கொத்தனார் கூண்டுக்குத் திரும்பி ஓடினார். அதற்குள் கதவைப் பூட்டியிருந்தார்கள். பக்கத்தில் மேலாளர் நின்றிருந்தார்.

“அத்தனை கரியும் எரிஞ்சா சுரங்கமே போச்சு,” என்றார் மெதுவாக. “வீட்டுக்குப் போ. வாயைத் திறக்காத. கட்டினது உன் கை.”

ஒரு கத்து கத்தியிருந்தால் போதும், அத்தனை பேரும் கடப்பாரையோடு இறங்கியிருப்பார்கள். ஆனால் முதல் கேள்வி தன்னிடம்தான் வரும்: சத்தம் கேட்ட பிறகுமா கட்டினாய்? கொத்தனார் வெளியே நடந்தார்.

சுரங்க வாசலில் தங்கை நின்றிருந்தாள். “அண்ணா, அவர் இன்னும் வரலயே. பாத்தியா?”

“கூட்டத்துல எங்கயாவது இருப்பான். வந்துடுவான்.”

வராதவர்கள் முதல் புகையிலேயே செத்திருப்பார்கள் என்றது கம்பெனி. தீ முழுசாய் அவிய மூன்று மாதமானது. சுவரை உடைக்கவும் அவரையே அனுப்பினார்கள். முதல் சுவரின் உட்புறத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த காரையை உள்ளே சிக்கியவர்கள் விரலாழத்துக்குச் சுரண்டி எடுத்திருந்தார்கள். நாலைந்து கல் பெயர்ந்து, மணல் உள்ளே சரிந்துகிடந்தது. அதன் மேலேயே பதினோரு பேர். ஒட்டகம் ஓரமாகக் காலை நீட்டி, தன் முழு நீளத்துக்கும் படுத்திருந்தான்.

மணல் சுமந்தவர்களில் ஒருவனுக்கு அடக்கத்தன்று மனசு கேட்கவில்லை. தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

மறுநாள் அவள் இரண்டு பிள்ளைகளோடும் துணிமூட்டையோடும் அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

“தட்டினது கேட்டுச்சாமே?”

“கேட்டுச்சு.”

“அப்புறமும் கட்டினியா?”

“கட்டினேன்.”

அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கொத்தனார் காத்து நின்றார். அவள் அழக்கூட இல்லை.

“கம்பெனி வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இந்தப் பிள்ளைங்களோட எனக்கு வேற போக்கிடம் இல்ல. இங்கதான் கிடக்கணும்.”

மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அதன்பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? “மாமா” என்று ஓடிவந்து மடியில் ஏறும். அவள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.