அட்டை கடித்த கால்

கால் போய்விடுமோ என்ற பயம் ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு இல்லை. அதற்குப் பிறகுதான் வந்தது.

வட்டகொடை ரோட்டில், சேற்றில் மாட்டிய என் ஆட்டோவைத் தள்ளும்போது வலது முழங்கால் முறுக்கி, உள்ளே தசைநார் அறுந்துபோனது. ஆபரேஷன் செய்து, முழங்காலுக்கு நீளமாக ஒரு பெல்ட் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வலி என்றால் அப்படியொரு வலி. கணுக்கால் வரை இறங்கியது. மாத்திரையை விழுங்கிவிட்டு லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். வெட்கமாவது மண்ணாவது!

என் மனைவி பிரியந்தி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். மலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டுவார்கள். சரிவில் நழுவக் கூடாதென்று மூச்சைப் பிடித்து இறுக்குவார்கள். என் பெல்ட் கொஞ்சம் நழுவியதைப் பார்த்தாள். படங்கு கட்டுகிற அதே கையால் இழுத்துக் கட்டினாள்.

"இப்ப ஆடாது பாருங்க."

ஆடவில்லைதான். மறுநாள் முட்டிக்குக் கீழே வலியே இல்லை. குணமாகிறது என்று இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். அவள் மாரியம்மனுக்குச் சூடம் ஏற்றினாள்.

அன்று சாயங்காலம் மழையில் நனைந்து வந்தவள், படங்கைக் கட்டிலோரம் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். திரும்பி வந்து என் காலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். படங்கில் வந்த அட்டை ஒன்று என் பாதத்தின் மேல் ரத்தம் குடித்து உருண்டிருந்தது.

அட்டை கடிப்பது யாருக்குமே தெரியாது. ஆனால் அவள் அதைப் பிய்த்து எடுத்ததுகூட எனக்குத் தெரியவில்லை. கிள்ளினாள். அதுவும் தெரியவில்லை.

"வெரல மேல தூக்குங்க."

தூக்கிப் பார்த்தேன். விரல்கள் அசையவே இல்லை. அது நான் பிரேக் மிதிக்கிற கால்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பெல்ட்டைப் பார்த்ததும் டாக்டர் முகம் சுளித்தார். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம், தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறதாம். பெல்ட் அதை நசுக்கியிருந்தது. உடனே தளர்த்திவிட்டார்.

"இவ்வளவு இறுக்கமா யார் கட்டினது?"

பிரியந்தி தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் டாக்டர்," என்றேன்.

"உணர்ச்சி திரும்பி வரலாம், வராமலும் போகலாம். வந்தா முதல்ல நெருப்பா எரியும். அந்த வலிக்கு இந்த மாத்திரையப் போடுங்க."

அதிலிருந்து மலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவள் என் காலைக் கிள்ளுவாள்.

"தெரியுதா?"

"இல்ல."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, "தெரியுது" என்றேன்.

"இன்னும் கிள்ளவே இல்லங்க," என்றாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெருவிரல் திடீரென்று எரிந்தது. கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி. கத்தினேன். மாத்திரையும் தண்ணியுமாக ஓடிவந்தாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"என்னாங்க, போடுங்க!"

"வேணாம் புள்ள. வலி போச்சுன்னா, கால் இருக்கா இல்லையான்னு எப்புடித் தெரியும்?"

போன தடவை வலி நின்றதற்குச் சூடம் ஏற்றியவர்கள் நாங்கள்.

அவள் மாத்திரையை என் வாயில் திணித்துவிட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"நீங்க முழுங்குங்க. நான் கிள்ளிக்கிட்டே இருக்கேன். நீங்க கத்திக்கிட்டே இருங்க."