புகைபோக்கியில் குடியிருந்தவர்

புலம்பெயர்ந்து வந்த நார்த்மீட்டில் கேதீஸ்வரனும் யோகராணியும் வாங்கிய பழைய வீட்டில் எண்ணெயில் எரியும் ஹீற்றர் ஒன்று இருந்தது. வீட்டை நன்றாகத்தான் சூடாக்கியது. ஆனால் சீலை, கம்பளி, தலைமயிர் என்று எல்லாவற்றிலும் அதன் நாற்றம் ஏறியது. யோகராணி ஆஸ்பத்திரியில் நேர்ஸ். "பிள்ளை, பெற்றோல் செட்டிலையிருந்து நேரை வாறியளோ?" என்று ஒரு தமிழ் நோயாளி கேட்டதோடு அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"தாங்கியிலை எண்ணெய் கிடக்குதப்பா. அது முடியட்டும்," என்றான் கேதீஸ்வரன், வழக்கம்போல.

"அது போன கிழமையே முடிஞ்சிட்டுது. நான் காஸ் ஹீற்றருக்குச் சொல்லிப்போட்டன்."

சனிக்கிழமை காஸ் பொருத்த பிரதீப்குமார் வந்தான். பழைய ஹீற்றரை அசைத்து, அதன் குழாயைப் புகைபோக்கியிலிருந்து இழுத்தான். முதலில் கரி கொட்டியது. பின்னாலேயே, அந்த ஊர் மரங்களிலும் கூரைகளிலும் திரியும் பூனையளவு விலங்கான பொசம் ஒன்று கரி பூசியபடி விழுந்து, வரவேற்பறையை ஒரு சுற்றுச் சுற்றி, திரைச்சீலைக் கம்பியில் ஏறி உட்கார்ந்தது. சூடு நின்ற பிறகு அங்கே குடிவந்திருக்க வேண்டும்.

கேதீஸ்வரன் கதிரையில் ஏறிவிட்டான். பிரதீப்குமார் வாசலுக்கே போய்விட்டான். "அக்கா, எனக்குக் காஸ் வேலை மட்டும்தான் தெரியும்," என்றான் அங்கிருந்தபடி.

வார்ட்டில் மருந்து குடிக்க மறுக்கும் கிழவர்களைப் பார்த்துப் பழகியவள் யோகராணி. வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள்.

"வாங்கோ ஐயா, மெல்ல இறங்குங்கோ. ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம்."

பொசம் யோசித்தது. பிறகு இறங்கியது. பழத்துண்டுகளைப் பொறுக்கியபடி அவள் பின்னால் குசினி வரைக்கும் நடந்து, கதவால் வெளியேறி எலுமிச்சை மரத்தில் ஏறிக்கொண்டது.

பின்னேரம் புதிய ஹீற்றர் எரிந்தது. நாற்றமே இல்லை. கேதீஸ்வரன் கையை நீட்டிச் சூடு பார்த்தான். சட்டென்று எழுந்து வெளியே போனான். கோபமோ என்று யோகராணி எட்டிப் பார்த்தாள். அவன் எலுமிச்சை மரத்தடியில் ஏணி வைத்து, ஒரு மரப்பெட்டியைக் கொப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா செய்யிறியள்?"

"நாங்கள்தானே அதை வீட்டை விட்டு எழுப்பினது. குளிருக்கை எங்கை போகும்?"

யோகராணி சிரித்துக்கொண்டே போய் ஏணியைப் பிடித்தாள்.