தோல் தடித்த திராட்சை

மலைத்தோட்டத்தில் விளையும் மல்பெக் என்ற கருந்திராட்சையில் போட்ட ஒயின்களை மதிப்பிட உட்கார்ந்த முதல் காலையில், மூக்கரசி நான்காவது கோப்பையை எடுத்து முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, வாளியில் துப்பிவிட்டு, கரகரத்த ஆண்குரலில் ஒரு கழுதையைத் திட்டினாள். திட்டு கொஞ்ச நேரம் நீடித்தது. கழுதையின் நடை, கழுதையின் நாணயம், கழுதையின் தாய்மாமன் என்று ஒன்றும் விட்டுவைக்கவில்லை. பிறகு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நிறம் நன்று, புளிப்பு அளவோடு, முடிவில் லேசான கசப்பு என்று எழுதி எண்பத்தெட்டு மதிப்பெண் போட்டாள். எதிரே இருந்த பல் டாக்டர், அடுத்தவர் வாயைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் இந்த வேலைக்கு வந்தவர், தொண்டையில் ஏதாவது தொந்தரவா என்று மரியாதையாகக் கேட்டார். குழுத் தலைவர் மட்டும் கோப்பையிலிருந்து மூக்கை எடுக்காமல், தனக்குக் கழுதை வாசனை எதுவும் வரவில்லையே என்றார். அவருக்கு எந்த ஒயினிலும் கருப்புப் பிளமும் புகையிலையும் ஈரக் கல்லும்தான் வரும். ஈரக் கல்லை அவர் எப்போது நக்கிப் பார்த்தார் என்று யாரும் கேட்டதில்லை.

ஏழாவது கோப்பையில் இரண்டு பெண்கள் பேசினார்கள். ஒருத்தியின் மாமியார் குறட்டை விடும் விதத்தை மற்றவள் செய்துகாட்ட, அந்தக் குறட்டையும் மூக்கரசியின் வாயிலிருந்தே வந்தது. சமவெளித் தோட்டங்களின் ஒயின்களோ வாயைத் திறக்கவில்லை. இதற்கு விளக்கம் சொன்னவர் மண் பரிசோதனை அதிகாரி. மேலே போகப் போக வெயில் கடுமை, கடும் வெயிலைத் தாங்கத் திராட்சை தோலைத் தடிப்பாக்கிக்கொள்ளும், மல்பெக்கின் நிறமும் மணமும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன, பக்கத்தில் யார் எது பேசினாலும் அதுவும் அங்கேதான் ஒட்டும் என்றார் அவர். மற்றவர்கள் வாயில் ஏன் பேசவில்லை என்பதற்கு, அவர்கள் சரியாகக் கொப்பளிப்பதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தலைவருக்கு அது சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த ஆண்டிலிருந்து மதிப்பீட்டில் நிறம், மணம், சுவை என்பவற்றோடு பேச்சு என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அதற்குப் பத்து மதிப்பெண். பேசாத ஒயினுக்கு ஐந்து, மௌனமும் ஒரு குணம்தானே என்பதால்.

மூக்கரசி என்பது அவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். மூக்கு ஒன்றும் பெரியதில்லை, அதை நம்பி நடந்த வியாபாரம்தான் பெரியது. கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர், இரண்டு காதும் மந்தம், அதனால் குடும்பம் சுமுகமாக ஓடியது. கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் நிச்சயமானதும், தன் கல்யாணத்துக்குத் தானே ஒயின் போடுவேன் என்று பின்னறையில் இரண்டு பீப்பாய்களை உருட்டிவைத்து, மாதக்கணக்கில் விரல்களெல்லாம் ஊதாவாகத் திரிந்தான். கல்யாணத்தன்று எல்லோர் கையிலும் கோப்பை. பெண்ணின் அப்பா சபை நடுவே மூக்கரசியைப் பார்த்து, எப்படியம்மா இருக்கு என்று கேட்டார். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். அவள் உருட்டினாள், யோசித்தாள், பூஜாடியில் துப்பினாள்.

"காலுறை அலசின தண்ணி மாதிரி இருக்கு," என்றாள். "ஆனா நல்ல காலுறை."

இரண்டாவது வாக்கியத்தை அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் முகம் கோப்பையின் நிறத்துக்கு வந்தது. "உன் வாயில இனிமே என் சரக்கு படாதுக்கா," என்று மட்டும் சொன்னான். மறுவாரம் மனைவியோடும் நாற்றுகளோடும் மலையேறிவிட்டான். மற்றவர்களின் கடைசித் தோட்டம் எங்கே முடிந்ததோ, அதற்கும் மேலே, பறவைகள் நடந்துபோகும் உயரத்தில் மல்பெக் நட்டதாகக் கேள்வி. மேலே போவது அவன் தொழில் என்று மூக்கரசி சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. தப்பாக என்ன சொன்னேன் என்று கணவரிடம் பல முறை கேட்டாள். அவர் மணி கேட்கிறாள் என்று நினைத்து மணி சொன்னார். அவளும் தொலைபேசியை எடுப்பாள், வைப்பாள். சொன்னது உண்மை, உண்மைக்கு எதற்கு மன்னிப்பு என்று ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்திலேயே வருடங்கள் போயின.

இதற்கிடையே மலைத்தோட்டக்காரர்கள் உஷாரானார்கள். ஒரு முதலாளி, கீழ்ச்சந்தையில் வாங்கிய திராட்சையைக் கலக்கச் சொன்னது அவரது சொந்தக் குரலிலேயே மூக்கரசியின் வாயில் வந்துவிட்டது. இன்னொரு தோட்டத்தில் மேஸ்திரிக்கும் கணக்குப்பிள்ளையின் மனைவிக்கும் நடந்த பேச்சைக் கேட்டு மதிப்பீட்டு அறையின் சன்னல்களைச் சாத்த வேண்டியதாயிற்று. அந்த ஒயினுக்குப் பல் டாக்டர் பேச்சில் பத்துக்குப் பத்து கொடுத்துவிட்டு, இன்னொரு புட்டி இருக்கிறதா என்று விசாரித்தார். அடுத்த பருவத்தில் தோட்டங்களில் கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று பலகைகள் முளைத்தன. குரல்வளம் உள்ள பள்ளி ஆசிரியர்களை விடுமுறைக்கு வரவழைத்துக் கொடிகளுக்கு நடுவே அறநெறி வாசிக்கவைத்தார்கள். அந்த ஆண்டு ஒயின்களெல்லாம் நேர்மை பற்றியும் சுத்தம் பற்றியும் பேசி, குழுவில் பாதிப்பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். ஒரு பெரிய கம்பெனி, எங்கள் ஒயின் அருமை, எங்கள் ஒயின் அபாரம் என்று ஒலிபெருக்கி கட்டிச் சொல்லவைத்தது. தற்பெருமைக்காக அதற்கு மூன்று மதிப்பெண் குறைத்தார்கள்.

தம்பியின் ஒயின் மட்டும் போட்டிக்கு வரவே இல்லை. ஒவ்வொரு ஆண்டும், கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போது மூக்கரசி ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வாள். அவன் குரல் வந்தால் என்ன சொல்லும் என்று பயம். வராமல் முடிந்துவிட்டால் அதைவிடப் பெரிய சங்கடம். அன்றைக்கு வீட்டில் கடிகாரங்களுக்குக்கூடத் திட்டு விழும்.

அவன் ஒயின் வந்த ஆண்டில் முன்னறிவிப்பு ஏதுமில்லை. புட்டிகளுக்குத் துணியுறை, உறைமேல் எண், வழக்கம்போல. பதினொன்றாம் எண் கோப்பையில் கருநீலமாக, விளிம்பில் ஊதா ஒளியோடு நின்றது. முகர்ந்தபோது வயலட் பூ, மழைக்கு முந்தின காற்று. வாயில் வைத்ததும் இதுவரை இந்த மேசையில் இப்படி ஒன்று வந்ததில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. துப்ப மனமில்லாமல் துப்பினாள். வாய் திறந்துகொண்டது.

"காலுறையாம் காலுறை," என்றது தம்பியின் குரல். "இந்தக் கொத்தை வந்து பாத்துட்டுச் சொல்லட்டும். பெரிய மூக்கு. உலகத்துல இல்லாத மூக்கு."

அடுத்து தம்பி மனைவி. "யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

"செடிகிட்ட."

"செடி என்ன பண்ணுச்சு, பாவம்."

"செடி ஒண்ணும் பண்ணல. எங்கக்கா பண்ணா."

மூக்கரசி உதட்டை இறுக்கிப் பார்த்தாள், பயனில்லை. வாய் அவளுடையது, வசவும் அவளுக்கானது, நடுவில் அவளுக்கு வேலையில்லை. கவாத்து வெட்டும்போது, தண்ணீர் பாய்ச்சும்போது, களை பிடுங்கும்போது என்று ஒரு பருவம் முழுவதும் அவன் அவளைத் திட்டியிருந்தான். அவள் குறட்டை, அவள் ஏப்பம், சிறுவயதில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வராமல் இருந்தது, எல்லாம் சபைக்கு வந்தன. பல் டாக்டர் நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார். அப்புறம் ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது. மூக்கரசிக்கு மருமகள் ஒருத்தி இருப்பதே அப்போதுதான் தெரியும்.

"அத்தை கெட்டவங்களாப்பா?"

பதிலுக்கு முன்னால் வெறும் காற்று வந்தது. அவள் வாயிலிருந்து மலைக்காற்று வீசி, மேசைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன. "இல்லடா. அவளுக்குப் பொய் சொல்ல வராது. அவ்வளவுதான்."

அறையில் எல்லோரும் இது முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். முடியவில்லை. அறுவடைக்குச் சற்று முன்பு மலையில் ஆலங்கட்டி மழை பெய்திருக்க வேண்டும். தகரத்தில் கல் எறிவது போல அவள் பற்களுக்கிடையே சடசடவென்று சத்தம். தம்பி வலையை இழுத்துக்கொண்டு ஓடுகிறான், மனைவியைக் கூப்பிடுகிறான், வழுக்குகிறான், முழங்காலில் எதுவோ இடிக்கிறது. அடிபட்டால் யாரும் அம்மா என்பார்கள். அவன் "அக்கா" என்றான். ஒரே தடவை, அலறலாக இல்லாமல், முனகலாக. அதோடு வாய் மூடிக்கொண்டது.

மூக்கரசி தண்ணீர் குடித்தாள். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புளிப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். அவள் எழுந்து, இது என் தம்பி போட்டது, நான் மதிப்பெண் போடக் கூடாது என்று தலைவரிடம் சொன்னாள்.

"புட்டியில எண்தானேம்மா இருக்கு," என்றார் தலைவர். "எண்ணுக்கு ஏது அக்கா தம்பி?"

"அது கூப்பிட்டதை நீங்களும் கேட்டீங்களே."

தலைவர் விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். விதிப்படி அவள் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காமல் மற்ற நால்வருடையதை வைத்தே முடிவு செய்தார்கள். பதினொன்றாம் எண்ணுக்குத் தங்கப்பதக்கம் என்றானது. தலைவர் அன்றுதான் முதல்முறையாகக் கருப்புப் பிளத்தைக் குறிப்பிடாமல் விட்டார். சேராது என்று தெரிந்தும் மூக்கரசி தன் மதிப்பெண்ணைப் போட்டுவைத்துவிட்டுத்தான் மேசையைவிட்டு எழுந்தாள்.

அந்த வாரக் கடைசியில் அவள் மலையேறினாள். பாதி வழியில் காது அடைத்தது, முக்கால் வழியில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. இவ்வளவு காலம் சம்பாதித்துக் கொடுத்த மூக்கு இப்படிப் பழிவாங்குகிறதே என்று நொந்துகொண்டு, இரண்டு துவாரத்திலும் பஞ்சை அடைத்தபடி தோட்டத்து வாசலில் போய் நின்றாள். தம்பி ஏணிமேல் ஆலங்கட்டி வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். தலையில் முடி குறைந்து, இடுப்பு பெருத்து, அப்பாவைப் போல ஆகியிருந்தான். அவளைப் பார்த்துவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். இறங்கவில்லை.

"எதுக்கு வந்தே?"

"கூப்பிட்டியே."

"நான் யாரையும் கூப்பிடல."

"முழங்கால் எப்படி இருக்கு?"

அவன் ஊசியில் நூல் கோத்தான். ஒயின் அவள் வாயில் பேசும் விஷயம் அவனுக்கு எட்டியிருக்க வேண்டும். மலையில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே அது. தெரியாமலா அவன் அந்தப் புட்டியை அனுப்பினான் என்பதை அவள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்டதில்லை. காற்று வலையை உப்பவைத்து இறக்கியது. அவன் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டான்.

"எத்தனை போட்டே?"

"தொண்ணூத்திமூணு."

"மத்தவங்க?"

"தொண்ணூத்தியாறு, தொண்ணூத்தியேழுன்னு போட்டாங்க."

"உனக்கு மட்டும் என்ன குறைச்சல்?"

 இங்கே ஒரு சின்னப் பொய் போதும், அவன் ஏணியைவிட்டு இறங்கிவிடுவான் என்று மூக்கரசிக்குத் தெரிந்தது. அவள் பஞ்சை எடுத்துவிட்டு மூச்சிழுத்துக்கொண்டாள். "பீப்பாய் வாசனை ஜாஸ்தி. பழத்தை மறைக்குது. பழம் நல்ல பழம்டா. இப்படி ஒண்ணு நான் குடிச்சதே இல்ல. பீப்பாய்லேர்ந்து கொஞ்ச நாள் முன்னாடியே எடுத்திருக்கணும்."

தம்பி ஏணியிலிருந்து இறங்கினான். கடைசிப் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். வீட்டைப் பார்த்து, "கேட்டியா, நான் அப்பவே சொன்னேன், புதுப் பீப்பாய் வேணாம்னு," என்று குரல் கொடுத்தான். உள்ளிருந்து அவன் மனைவி, வேண்டும் என்று கேட்டது யாராம் என்றாள். மருமகள் ஓடிவந்து அத்தையின் மூக்கை நெடுநேரம் பார்த்துவிட்டு, அப்பா சொன்ன அளவு இல்லையே என்று ஏமாந்துபோனாள்.

அன்றிலிருந்து பருவந்தோறும் மூக்கரசி மேலே போனாள். எப்போது பறிப்பது, எந்த வரிசையை விடுவது, தண்ணீர் எவ்வளவு என்று கொடிகளுக்கு நடுவே இருவரும் சண்டைபோட்டார்கள். சமாதானமான அக்கா தம்பி இப்படித்தான் இருப்பார்கள் என்று தம்பியின் மேஸ்திரி புதிதாக வந்த கூலியாட்களுக்கு விளக்கம் சொன்னான். தம்பிக்கு ஒரு மகனும் பிறந்தான். அவள் வந்து நின்ற பருவத்துத் திராட்சை பிழியப்பட்டு, பழைய பீப்பாயில் கிடந்து, புட்டிக்கு வந்ததும், ஒரு மதியம் சாப்பாட்டு மேசையில் திறந்தார்கள். தம்பி ஊற்றினான். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாலும் கண் இங்கேதான் இருந்தது. மூக்கரசி முகர்ந்தாள், உறிஞ்சினாள், உருட்டினாள். வீட்டில் துப்புவது மரியாதையில்லை என்று விழுங்கினாள். அவள் வாயிலிருந்து அவள் குரலும் அவன் குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, மேல்வரிசைக்குத் தண்ணீர் விடுவது பற்றி மும்முரமாக மோதின. தம்பி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, தன் பக்கம் நியாயமான இடங்களில் தலையாட்டினான். அவன் மனைவி தொட்டிலை ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணி, கொஞ்சம் மெதுவாக் குடிங்க," என்றாள். "குழந்தை தூங்குறான்."